உப்புக் குமாரியின் பெயர்

செப்டம்பர் 14, சனி

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன். எனக்குச் சங்கடமானதை விட்டுவிடவும் மாட்டேன். ஊர் வரலாற்றை எழுத வருகிறவள் தன் வீட்டு வரலாற்றிலேயே பொய் சொன்னால் அப்புறம் அவளை யார் நம்புவார்கள்?

என் பெயர் பொன்ரேகா. வயது பதின்மூன்று. சொந்த ஊர் தூத்துக்குடி. மூன்று வருடமாக இருப்பது தைவானின் தென்மேற்குக் கடற்கரையில், யென்வெய் என்கிற வட்டாரத்தில். பெயருக்கு ‘உப்பின் வால்’ என்று பொருள். சுற்றுலாப் புத்தகங்கள் எங்களுக்கு வடக்கே இருக்கும் ஊரோடு நின்று, தெற்கே இருக்கும் ஊரில் மறுபடி தொடங்கும். பள்ளி நூலகத்தில் தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு புத்தகத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ‘வழியில் பெட்ரோல் பங்க் உண்டு’ என்று.

அதை மாற்றப்போகிறேன். நேற்று சென் ஆசிரியை ‘குட்டி வழிகாட்டிகள்’ யார் யார் என்று அறிவித்தார். நவம்பர் 23ஆம் தேதி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆளுக்கு ஓர் இடத்தை நாங்கள் சுற்றிக்காட்ட வேண்டும். வகுப்பில் ஒரே வெளிநாட்டுக்காரியான எனக்குப் பழைய உப்புப்பாத்தி கிடைத்திருக்கிறது. ஊரிலேயே நல்ல இடம் அதுதான்.

அப்பாவிடம் சொன்னதும், “அப்படின்னா சனிக்கிழமைதோறும் ஊரச் சுத்துவோமாட்டி? நீ எழுது, நா வண்டி ஓட்டுதேன்” என்றார். அப்பா சூரிய மின்பலகை பொருத்தும் கம்பெனியில் பொறியாளர். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர். இது பெரிய விஷயம்.

செப்டம்பர் 21, சனி

முதல் சுற்று. பார்த்தவை: ஜப்பானியர் காலத்து உப்பு அலுவலகம் (கூரையில் ஓர் ஆலமரம் உட்கார்ந்திருக்கிறது, வேர்கள் சன்னல் வழியாக இறங்குகின்றன). உப்பு ஏற்றிய குட்டி ரயிலின் தண்டவாளம், மொத்தம் ஒரு கோழிக்கூண்டு நீளத்துக்கு மிச்சம். ஆள் உயரத்துக்குச் சிப்பி ஓடுகளின் குவியல். அப்புறம் கடல்ராஜா கோயில், அதன் கூரை முழுக்க டிராகன்கள்.

அப்பாவுக்குச் சீனமொழி வராது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குத் தோன்றாதவை. சிப்பி உடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் நான் ஜப்பானியர் காலத்தைப் பற்றிக் கேட்டால், அப்பா, “இந்தக் குளம் யாரோடதுன்னு கேளு” என்பார். “அவிய பசங்க எங்க இருக்காவன்னு கேளு. திரும்பி வருவாவளாமா?”

நான் கேட்டேன். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “நிலம் யாரோடது, பையன் எங்க இருக்கான்... ஏன் பாப்பா, உங்கப்பா கல்யாணத் தரகரா?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. வெயில்.

ஒரு வரலாற்றாசிரியர் நிலத்தையும் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று இன்று அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சட்டையில் சிப்பி நாற்றம். அம்மா இரண்டு தடவை துவைத்தாள்.

செப்டம்பர் 28, சனி

உப்புப்பாத்தி! இதை நன்றாக எழுத வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பே இங்கே உப்பு எடுப்பது நின்றுவிட்டது. கோயிலுக்குச் சொந்தமான இந்தப் பாத்திகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. தரை மண் இல்லை. உடைந்த ஜாடி, ஓடு, கிண்ணம் எல்லாவற்றையும் சில்லு சில்லாகப் பதித்திருக்கிறார்கள். உப்பு வாரும்போது மண் ஒட்டாது. எந்த வீட்டில் என்ன உடைந்ததோ அது இங்கே வந்திருக்கிறது. ஒரு சில்லில் நீலப் பூவின் பாதி இருந்தது. மறுபாதியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அங்கே ஹுவா அயி இருந்தார். ‘அயி’ என்றால் இங்கே அத்தை, சித்தி எல்லாம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர். எனக்கு எப்போதும் முட்டைத் தோசையில் இரண்டாவது முட்டையைக் கேட்காமலே ஊற்றுகிறவர். வியட்நாமிலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவர். கடை அடைத்த பிறகு மரப்பலகை வாருகோலோடு இங்கே வந்து உப்பு வாருகிறார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். கோயில்காரர்கள் தடுப்பதில்லையாம்.

“விற்கவா அயி?”

“இந்த உப்ப யாரு வாங்குவா? வாத்துமுட்டை ஊறப்போட எடுத்துக்குவேன், அவ்வளவுதான். இந்த ஊர்ல என்னை யாரும் வேலை ஏவாத இடம் இது ஒண்ணுதான் குட்டி. அதுக்காக வர்றேன்.”

பாத்தியின் கோடியில் அலமாரி அளவுக்கு ஒரு சிறு கோயில். உள்ளே சாமி சிலை இல்லை. முகப்பவுடர், கைக்கண்ணாடி, நிறைய ஹேர்கிளிப்புகள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை இங்கே பிறந்த வீட்டுச் சாமி மாடத்தில் முன்னோர்களோடு வைத்துக் கும்பிடமாட்டார்களாம். இது அப்படிப்பட்ட ஒருத்திக்கு. ஊரில் அவளை ‘உப்புக் குமாரி’ என்கிறார்கள். புயலில் உப்பை மூடி வைக்க ஓடி வந்தவள், அலையில் போய்விட்டாள்.

அப்பா பாத்தியைக் காலடியால் நீளமும் அகலமும் அளந்தார். வழிகாட்டிக் குறிப்புக்கு அளவு தேவைப்படும் என்று சொன்னார். எனக்குத் தோன்றவே இல்லை!

இரவு சமையலறையில் அம்மா, “புள்ளைய எதுக்கு இதுல இழுக்கிய?” என்று கேட்டது காதில் விழுந்தது. “சும்மா இரு, அவளுக்கும் பிடிச்சிருக்குல்லா” என்றார் அப்பா. நான் வெயிலில் கறுத்துவிடுவேன் என்று அம்மாவுக்குக் கவலை.

அக்டோபர் 3, வியாழன்

புயல் விடுமுறை. மின்சாரம் இல்லை. சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினோம்.

அம்மாவிடம் உப்புப்பாத்தியின் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “உப்பளத்துல அழகு பாக்க வந்தவ நீ ஒருத்திதாம்ட்டி” என்றாள். “எங்க அய்யா கால ஒரு நாளாவது பாத்திருக்கியா? பித்தவெடிப்புக்குள்ள உப்பு ஏறி, ராத்திரி முழுக்க தண்ணிக்குள்ள கால வச்சிட்டு உக்காந்திருப்பாவ. இங்க உள்ளவனும் அப்படித்தான் உக்காந்திருப்பான். உப்பளம் மூடினா அழுவுததுக்கு என்ன இருக்கு?”

“யாரும்மா இப்ப மூடுறா?”

அம்மா மெழுகுவர்த்தியை நகர்த்தி வைத்தாள். “ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

அக்டோபர் 12, சனி

அப்பாவுக்குத் தலைவலி. நான் மட்டும் சைக்கிளில் போனேன். இன்று அறிந்தது இதுவரை அறிந்த எல்லாவற்றையும்விடப் பெரியது.

கருமுகக் கரண்டிவாயன்கள் வந்துவிட்டன. எங்கோ வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற பறவைகள். கரண்டி போன்ற அலகால் தண்ணீரைத் துழாவுகின்றன, அம்மா குழம்பில் கத்தரிக்காய் தேடுவது போல.

ஹுவா அயியும் நானும் வரப்பில் உட்கார்ந்து வாத்துமுட்டை தின்றோம். கோயிலில் சாமியிடம் எப்படிக் கேட்பார்கள் என்று கேட்டேன். நம் ஊரில் பூக்கட்டிப் பார்க்கிறோமே, அது மாதிரி இங்கே பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேள்வியைச் சொல்லி, கட்டைகளைக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் மேடு என்றால் மறுப்பு. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறது, மறுபடி கேட்க வேண்டும். கோயில் சொத்து விஷயம் என்றால் மூன்று தடவை அடுத்தடுத்துச் சம்மதம் விழ வேண்டும்.

“போன வருஷம் ஒரு கம்பெனி இந்தப் பாத்தியக் குத்தகைக்குக் கேட்டுச்சு” என்றார் அயி. “கடல்ராஜா முன்னால போட்டாங்க. முதல் தடவை சிரிச்சார். ரெண்டாவது சிரிச்சார். மூணாவது, இல்லைன்னுட்டார். ஊரே பயந்துபோச்சு. எனக்கு மட்டும் ஏன்னு தெரியும்.”

“ஏன் அயி?”

“ஆளு மாத்திக் கேட்டா சிரிக்காம என்ன செய்வார்? இந்தப் பாத்தி ராஜாவோடது இல்ல. அவளோடது. அவகிட்ட யாரும் கேக்கல. கேக்கணும்னா அவ பேரு சொல்லிக் கூப்பிடணும். உன்னை இந்த இடத்த விட்டு நகத்தமாட்டோம்னு சொல்லணும். பவுடர், கண்ணாடி வைக்கணும். அப்ப அவ சரின்னுதான் சொல்வா. சின்னப் பொண்ணுதானே, யாராவது கேக்கமாட்டாங்களான்னு இருக்கா. ஆனா அவ பேரு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. என் மாமியார் சாகறதுக்கு முன்னால என்கிட்ட சொன்னாங்க. அவங்க சின்னம்மா அது.”

அவளுடைய பெயர் ————.

“யாருகிட்டயும் சொல்லாத குட்டி. இந்த ஊர்ல நீயும் நானும் வந்தவங்க. நம்மளுக்குன்னு ஒரு ரகசியம் இருக்கட்டும்.”

சத்தியம் செய்தேன். சுண்டுவிரலைக் கோர்த்து, கட்டைவிரலால் முத்திரை குத்தினோம். இங்கே சத்தியம் அப்படித்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அப்பா ‘யாரிடமும்’ என்பதில் வரமாட்டார். இந்த ஊரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே பார்க்கிறோம்.

அப்பா தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே இருந்தார். “அவ பேர இன்னொரு தடவ சொல்லு.” சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னபோது ஏற்ற இறக்கம் தப்பாக வந்தது. திருத்தினேன். சரியாக வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வருடத்தில் அப்பா இவ்வளவு அக்கறையாகக் கற்ற சீனச் சொல் வேறில்லை.

“எம்மவ கெட்டிக்காரி” என்று தலையில் கை வைத்தார். அம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். செம்பில் தண்ணீர் இருந்தது.

அக்டோபர் 19, சனி

அப்பாவுக்கு வேலை. ஊர் சுற்றவில்லை.

அக்டோபர் 26, சனி

இன்றும் வேலை. நான் போனேன். பாத்தி வரப்பில் சிவப்பு நாடா கட்டிய கம்புகள் நட்டிருந்தன. ஒருவர் டிரோன் பறக்கவிட்டார், கரண்டிவாயன்கள் எல்லாம் எழுந்து கடல் பக்கம் போய்விட்டன.

அப்பாவிடம் கேட்டேன். “காத்து எப்படி அடிக்குன்னு பாக்காவளா இருக்கும்” என்றார்.

காற்றைப் பார்க்கக் கம்பு எதற்கு என்று யோசித்தேன். அப்பா பொறியாளர், அவருக்குத் தெரியும்.

நவம்பர் 5, செவ்வாய்

என் வழிகாட்டி உரையை மனப்பாடம் செய்துவிட்டேன். ‘நீங்கள் மிதித்து நிற்பது நூறு வீடுகளின் உடைந்த சமையலறை’ என்று தொடங்குகிறது. சென் ஆசிரியை கைதட்டினார்.

ஹுவா அயி சொன்னார், சனிக்கிழமை கோயிலில் மறுபடி கட்டை போடப்போகிறார்களாம். “பயப்படாத. மறுபடி ராஜாகிட்டதான் போய் நிப்பாங்க. அவர் மறுபடி சிரிப்பார். வா, நாமளும் போய் சிரிப்போம்.”

நவம்பர் 9, சனி

நடந்ததை நடந்தபடியே.

காலையில் கோயில் நிறையக் கூட்டம். சிப்பி அம்மாள், சென் ஆசிரியை, எல்லோரும். ஹுவா அயி என் தோளில் கை போட்டு நின்றார். குத்தகை கேட்ட கம்பெனியின் மேலாளர் திரு. ஷியே வந்தார். அப்பாவின் மேலாளர். எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை சாப்பிட வந்து, ரசத்தைக் குடித்துவிட்டு அழுதவர்.

அவர் கடல்ராஜா முன்னால் ஊதுபத்தி ஏற்றினார். முழங்காலிடவில்லை. ஊதுபத்தியோடு வெளியே நடந்தார். கூட்டமும் பின்னால் நடந்தது, சாலையைக் கடந்து, வரப்பு வழியாக, பாத்தியின் கோடிக்கு. என் தோளில் இருந்த கை இறுகியது.

சிறு கோயிலின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பவுடர் டப்பா, புதுக் கைக்கண்ணாடி, முத்து வைத்த ஹேர்கிளிப் எல்லாம் எடுத்து வைத்தார்கள். பையைப் பிடித்திருந்தவர் அப்பா. அலுவலகத்துச் சாம்பல் நிற மேல்கோட்டு போட்டிருந்தார்.

திரு. ஷியே முழங்காலிட்டு அவள் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், சத்தமாக. “உங்களை இங்கிருந்து நகர்த்தமாட்டோம். உங்கள் வீட்டுக்குப் புதுக் கூரை போடுவோம். சம்மதமா?”

கட்டைகள் விழுந்தன. ஒன்று தட்டை, ஒன்று மேடு.

மறுபடி. ஒன்று தட்டை, ஒன்று மேடு.

மூன்றாவது தடவை ஒரு கட்டை சில்லுகளின் மேல் சுற்றிச் சுற்றி நின்றது. நான் மனதுக்குள் அவளைப் பெயர் சொல்லியே கெஞ்சினேன். அவள் சம்மதித்தாள்.

பட்டாசு வெடித்தார்கள். சிப்பி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், இத்தனை வருஷம் பேரு சொல்லிக் கூப்பிட ஆளில்லாம கெடந்திருக்கா” என்றார்.

ஹுவா அயி கத்தவில்லை. குனிந்து, “யாருகிட்ட சொன்ன குட்டி?” என்று கேட்டார்.

“யாருகிட்டயும் சொல்லல அயி.” அப்புறம், “அப்பாகிட்ட மட்டும்.”

“ஓ” என்றார். “அப்பா.” என் தோளிலிருந்து கையை எடுத்து, தன் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

அதே நாள், மாலை

அப்பாவிடம் கேட்டதும் அவர் சொன்னதும்:

“எங்கூட ஊர் சுத்த வந்தது இதுக்குத்தானா?”

“ஏட்டி, நா பொய் என்ன சொன்னேன்? அவகிட்ட கேக்காம இருந்தது தப்புன்னு நீதான சொன்ன? கேட்டோம். மரியாதையா கேட்டோம். அவ சரின்னா.”

“அது ரகசியம்ப்பா.”

“எனக்கு இந்த வருஷத்தோட ஒப்பந்தம் முடியுது. இந்த ஊரு குத்தகை கையெழுத்து ஆகலன்னா நாம மூணு பேரும் ஜனவரில தூத்துக்குடி. உன் பள்ளிக்கூடம், உன் சென் டீச்சர், எல்லாம் போயிருக்கும். இதையும் அந்தக் குறிப்புல எழுதிக்கோ.”

எழுதிவிட்டேன்.

“அப்ப எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

அம்மாதான் சொன்னாள். “சொல்லியிருந்தா நீ அந்தப் பொம்பளகிட்ட சொல்லிருப்ப.”

அம்மாவுக்கும் தெரியும். புயல் நாளிலேயே தெரியும்.

“உங்கூட வரணும்னும் ஆசையாத்தான் இருந்துச்சு” என்றார் அப்பா. “ரெண்டும்தாம்மா.”

“எது முதல்ல?”

அப்பா மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அதன் பையில் ஏதோ கிடந்து ஒலித்தது. முத்து வைத்த ஹேர்கிளிப். ஒரே அட்டையில் இரண்டு இருந்திருக்க வேண்டும். ஒன்று அவளுக்கு. ஒன்று எனக்கு வாங்கியிருக்கிறார்.

நான் தொடவில்லை.

நவம்பர் 11, திங்கள்

ஹுவா அயியின் கடையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, “என்ன வேணும்?” என்று கேட்டார், எல்லோரிடமும் கேட்பது போல. முட்டைத் தோசை என்றேன். ஒரு முட்டை ஊற்றினார். மடித்து, பையில் போட்டு, “அடுத்து” என்றார்.

நவம்பர் 13, புதன்

ஒரு முட்டை.

நவம்பர் 16, சனி

கடை பூட்டியிருந்தது. பாத்தியிலும் அவர் இல்லை. வாருகோல் சிறு கோயிலின் பின்னால் சாய்ந்திருந்தது. எடுத்து வாரிப் பார்த்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததைத் தவிர ஒன்றும் வரவில்லை. அம்மா அதைப் பார்த்து மஞ்சள் வைத்தாள். நான் எங்கே போனேன் என்று கேட்கவில்லை.

கடல் பக்கம் போன கரண்டிவாயன்கள் திரும்பி வந்து நிற்கின்றன. அவற்றிடம் யாரும் கட்டை போட்டுக் கேட்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

சென் ஆசிரியை என் உரையின் கடைசிப் பத்தியை மாற்றிக் கொடுத்தார். ‘பசுமை மின்சாரத்தால் நம் உப்புப்பாத்திக்குப் புது வாழ்வு கிடைக்கிறது’ என்று இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை என்று நானும் பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டேன். மின்சாரம் நல்லதுதான். புயல் அன்று அது இல்லாமல் இருட்டில் இருந்தோம். ஆனால் என்னால் அதை மனப்பாடம் செய்ய முடியவில்லை. எனக்கு எதுவும் மனப்பாடம் ஆகாமல் போனதில்லை.

நவம்பர் 23, சனி

நகரத்துப் பிள்ளைகள் இரண்டு பேருந்துகளில் வந்தார்கள். கம்பெனி எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தது. என்னுடையதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

‘நீங்கள் மிதித்து நிற்பது நூறு வீடுகளின் உடைந்த சமையலறை’ என்று தொடங்கினேன். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். வாருகோலை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். ஜப்பானியர் காலம், குட்டி ரயில், பறவைகள் எல்லாம் சொன்னேன். ஒரு பெண் நீலப் பூப்போட்ட சில்லு ஒன்றைக் கண்டுபிடித்துக் கூவினாள். போய்ப் பார்த்தேன். என் பூவின் மறுபாதி இல்லை. வேறு பூ.

கடைசியில் சிறு கோயில். கூரைக்குப் புதுத் தகடு போட்டிருக்கிறார்கள், வெயிலில் கண் கூசுகிறது. கூட்டத்தின் பின்னால், சாலை ஓரத்தில், ஹுவா அயி ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவருக்குச் சற்றுத் தள்ளி அப்பா, கையில் கேமராவோடு.

“இந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான் இப்போது. கூரைக்குக் கீழே பலகையில் எழுதக்கூடப் போகிறார்களாம். சென் ஆசிரியை எனக்கு நினைவில்லை என்று நினைத்து உதட்டை அசைத்துக் காட்டினார்.

“எனக்குத் தெரியாது” என்றேன். “தெரிஞ்சவங்ககிட்டதான் கேக்கணும்.”

இந்தக் குறிப்பைத் தொடங்கிய பிறகு நான் அறிந்தே சொன்ன பொய் இது. அதனால் எழுதி வைக்கிறேன். மாற்றிய கடைசிப் பத்தியைச் சொல்லவில்லை. ‘நன்றி’ என்று குனிந்துவிட்டு நிமிர்ந்தபோது ஸ்கூட்டர் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அயி கேட்டாரா, காற்றில் கேட்கவில்லையா, தெரியாது. தலையை அசைத்த மாதிரி இருந்தது. ஹெல்மெட் போட்டவர்கள் சும்மாவே அப்படித்தான் தெரிவார்கள். உறுதியாகத் தெரியாததை நடந்ததாக எழுதக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அக்டோபர் 12ஆம் தேதியில் எழுதியிருந்த அவள் பெயரைக் கறுப்புப் பேனாவால் அடித்தேன். பக்கம் கிழிந்துவிட்டது. கிழிசலின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, பெயர் இருந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்.

சாப்பாட்டில் அம்மா எனக்குக் கத்தரிக்காயைத் தேடி வைத்தாள்.

இப்போது கதவுக்கு வெளியே அப்பா நிற்கிறார். கீழ் இடுக்கில் கூடத்து வெளிச்சமும் அவர் காலின் இரண்டு நிழல்களும் தெரிகின்றன.

“ரேகா” என்றார். “நல்லா பேசினட்டி.”

அப்புறம், “அடுத்த சனிக்கிழம எங்க போவோம்? வடக்க ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்காம். நீயே பாத்துச் சொல்லு. நா ஒண்ணும் கேக்க மாட்டேன். வண்டி மட்டும் ஓட்டுதேன்.”

நான் தூங்கிவிட்டதாக நினைக்கட்டும் என்று மேசை விளக்கை அணைத்தேன். இந்த வரிகளை இருட்டில் எழுதுகிறேன். கோடு மாறிப் போயிருந்தால் அதனால்தான்.

நிழல்கள் இன்னும் அங்கேயே நின்றன. பிறகு கூடத்து விளக்கையும் அவர் அணைத்துவிட்டார்.